யாருடைய மணிக்கட்டு

கரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பட்டையை வெள்ளாட்டின் காலில் கட்டிவிட்டிருந்தார்கள். மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆட்டுக்கு மாலைச் செய்தி பிடித்திருந்தது. நகைக்கடை விளம்பரம் வந்தால் பயந்தது. அதை நம்பி ஒரு நகைக்கடை தன் விளம்பரத்தையே மாற்றி எடுத்தது. ஆட்டைக் கண்டுபிடித்தவள் நான். என் வேலை அதுதான். பட்டை யார் கையில் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது.

பட்டை என்பது மணிக்கட்டில் கட்டுகிற பட்டைதான். நாடி, தோலின் ஈரம், ரத்தத்தின் சூடு மூன்றையும் பார்த்து, டிவி பார்க்கிறவர் அந்த நொடியில் என்ன உணர்கிறார் என்று சொல்லிவிடும். அதைச் செய்தவர்கள் உணர்வுகளை ஒன்பதாகப் பிரித்து நவரசத்தின் பெயர்களை வைத்தார்கள். காமம் என்று எழுதக் கூச்சப்பட்டுச் சிருங்காரம் என்று எழுதினார்கள்.

தமிழ்நாட்டில் நாலாயிரம் பட்டைகள் இருக்கின்றன. எல்லாம் பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுள்ள பெண்களின் கையில். சோப்பும் எண்ணெயும் மசாலாவும் வாங்குவது அவர்கள்தான் என்று கணக்கு. தொடர்களை இப்போது ஆட்கள் எழுதுவதில்லை. பட்டைகள் சொன்னதை வைத்து இயந்திரம் எழுதுகிறது. நடிப்பது மட்டும் இன்னும் ஆட்கள்தான், அது மலிவு என்பதால்.

சட்டப்படி, ஒருவரின் உடம்பை அளந்தால் அந்த அளவு அவருக்கே சொந்தம். அதனால் மாதம் ஒருமுறை அறிக்கை அனுப்புகிறோம். படிவத்தில் கைபேசி எண் என்ற இடத்தில் பெண்கள் புருஷனின் எண்ணை எழுதுகிறார்கள். கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள், கை தானாக எழுதிவிடுகிறது. நாலாயிரத்தில் மூவாயிரத்து நானூறு அறிக்கைகள் புருஷன்களுக்குப் போகின்றன. இதைப் பற்றி நான் மேலே எழுதிப் போட்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது.

திருப்பூர்ப் புகார் அப்படி வந்ததுதான். புகார் கொடுத்தவர் பெயர் நவநீதன். தையல் மிஷின் உதிரிபாகக் கடை. பட்டை அவர் மனைவி தாரணி பெயரில் இருந்தது. புகாரின் வாசகம் ஒரு வரி: 'செவ்வாயும் வியாழனும் இரவு எட்டு பதினேழுக்கு என் மனைவிக்கு என்ன நடக்கிறது என்று நிறுவனம் விளக்க வேண்டும்.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் நிறுவன வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். நவநீதன் கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். வாசலை ஒட்டி ஒரு பெரிய துணிப்பை, ஜிப் போட்டு, நிமிர்த்தி வைத்திருந்தது.

"வாங்க மேடம். நீங்கதான் ரெஜினாங்களா? ஆம்பள ஆள அனுப்புவாங்கன்னு நெனச்சனுங்க."

"இந்த வேலைக்கு நாங்கதாங்க வருவோம்."

ஹாலில் தாரணி சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்று படிவத்தில் இருந்தது. வயது முப்பத்தாறு. நவநீதனின் அம்மா கலாமணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார். வயது அறுபத்தொன்று. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று உண்டு. ட்யூஷனுக்குப் போயிருந்தது.

நவநீதன் அறிக்கையை எடுத்து வைத்தார். லேமினேஷன் போட்டிருந்தார்.

"இதப் பாருங்க. மூணு மாசம். செவ்வா, வியாழன், எட்டே காலு ஆச்சுன்னா இந்தச் செவப்புக் கோடு ஏறுது. நான் அப்ப கடைல இருக்கறனுங்க. ஒம்போதரைக்குத்தான் வருவேன். இந்தச் செவப்புன்னா என்னுங்க?"

"சிருங்காரம்."

"அப்படின்னா காமந்தானுங்களே?"

"ஆமாங்க."

"அதச் சொல்லுங்க மொதல்ல." அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"எட்டு மணிக்குத் தொடர் ஓடுதுங்க," என்றேன். "அதுல வந்த காட்சியா இருக்கும். அந்தரங்கம்னு நிகழ்ச்சி பேரை அறிக்கையில போடறதில்ல."

"அதயும் பாத்துட்டனுங்க. நான் மடையனில்ல. எட்டு பதினேழுக்கு ஹீரோவே வர்றதில்ல. எவனோ மெக்கானிக்கு ஒருத்தன் போர் மோட்டாரு கழட்டிட்டிருக்கான். ஒரு வார்த்த பேசறதில்ல. குழாயத் தூக்கறான், வெக்கறான், தூக்கறான், வெக்கறான். அதுல என்னுங்க இருக்குது?"

அந்தப் பாத்திரத்தின் பெயர் கார்மேகம், செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவான். ஒரே ஒரு நாளுக்காக எழுதப்பட்டவன். கிணற்றில் தண்ணீர் வராததால் கதாநாயகி ஆள் கூப்பிடுவாள், அவன் வந்து மோட்டாரைச் சரிசெய்து போய்விட வேண்டும். எட்டு மாதமாக அந்த மோட்டார் சரியாகவில்லை. இயந்திரம் அவனைப் போக விடவில்லை. நாலாயிரம் பட்டைகள் கேட்டுக்கொண்டதால்.

அதை நவநீதனிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அத விடுங்க. வாசல்ல கேமரா மாட்டினேன். ஒருத்தனும் வல்ல. அப்ப போன்லதான்னு போன வாங்கி வெச்சுட்டேன். பதினோரு நாளா வேலைக்கும் அனுப்பல. நான் கை நீட்டற ஆளில்லீங்க. நாயமா விசாரிக்கோணும்னுதான் உங்களக் கூப்புட்டேன். மெஷின் பொய் சொல்லாதுன்னு உங்க வெளம்பரத்துலயே போட்டிருக்குதில்ல? நீங்க டெஸ்ட் பண்ணுங்க. சீரியல்னால வந்துதுன்னா வந்துட்டுப் போவுது. இல்லீன்னா நாலு மணிக்கு இவ காங்கேயம் பஸ்ஸு ஏறிருவா, அவங்கம்மா ஊட்டுக்கு. பாப்பா இங்கதான் இருக்கும்."

வாசலில் இருந்த பை யாருடையது என்று புரிந்தது.

சோதனை எளிது. பெட்டியிலிருந்து புதிய பட்டையை எடுத்துக் கட்ட வேண்டும். சின்னத் திரையில் பத்துத் துண்டுக் காட்சிகள், ஒவ்வொன்றும் நாற்பது நொடி. தாரணியின் மணிக்கட்டில் கட்டினேன். கைவிரல்களில் நூல் அறுத்த தழும்புகள். அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான். எதையோ சொல்ல வாயெடுத்து, சமையலறை வாசல் பக்கம் ஒருமுறை பார்த்து, மூடிக்கொண்டாள்.

கதாநாயகன் மழையில் ஓடினான். கோடு அசையவில்லை. வில்லன் கண்ணாடியைக் கழற்றினான். அசையவில்லை. புது நடிகர் ஒருவர் சட்டையைக் கழற்றினார். ஹாஸ்யம் நான்கு. கார்மேகம் குழாயைத் தூக்கினான். சிருங்காரம் ஒன்றுமில்லை.

ஒன்பதாவது துண்டு ஒரு விடுதி விளம்பரம். குன்னூரில் ஓர் அறை. வெள்ளை விரிப்பு போட்ட கட்டில், ஒரு ஜன்னல், வெளியே பனி. ஆள் யாரும் இல்லை. சாந்தம் தொண்ணூற்றொன்றுக்குப் போய் நாற்பது நொடியும் அங்கேயே நின்றது. பட்டை வந்த நாளிலிருந்து மூன்றாண்டாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த எண்ணை நான் பார்த்ததில்லை.

"மெக்கானிக்குக்கு எவ்வளவுங்க?" என்றார் நவநீதன்.

"ஒண்ணும் இல்லீங்க."

"ஹீரோவுக்கு?"

"எதுக்குமே சிருங்காரம் வரலை."

அவர் எழுந்து தாரணிக்கு எதிரே போய் நின்றார். "என்னப் பாத்தா இவளுக்கு எவ்வளவுன்னு அளந்து பாருங்க."

"இது சோதனையில சேராதுங்க."

"பரவால்ல, அளங்க."

நாற்பது நொடி நின்றார். நடுவில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். தாரணி அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"இதை நேர்ல சொல்லக்கூடாதுங்க. அறிக்கையில வரும்." விதிகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

"சரி. அப்ப நாயமாப் பேசுவம்." அவர் லேமினேஷன் அட்டையை மேசையில் தட்டினார். "சீரியலுக்கு வல்ல. வெளம்பரத்துக்கு வல்ல. ஆனா மூணு மாசமா செவ்வா வியாழன் வந்திருக்குது. அப்ப ஆளு இருக்கான்னுதானே அர்த்தம்? நீங்களே நிரூபிச்சுட்டீங்க. ரொம்ப நன்றிங்க மேடம்."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வந்திருக்காவிட்டால் இந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது சோதனை முடிவும் இருந்தது.

"தாரணி, எந்திரி. பையத் தூக்கு."

"நாந்தாண்டா அது," என்றார் கலாமணி.

சமையலறை வாசலிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார்.

"என்னம்மா?"

"அந்தப் பட்டைய நாந்தான் கட்டியிருந்தேன். எட்டு மணிக்கு இவ தோச ஊத்தோணும். பாப்பாவுக்கு ஊத்தோணும், எனக்கு ஊத்தோணும், நீ வந்தா உனக்குத் தனியா முறுவலா ஊத்தோணும். மாவு பட்டா பட்டை கெட்டுப்போகுமாம். கழட்டி வெச்சா ஆளு பாக்கலன்னு பட்டைக்காரங்க ஓசில குடுத்த டிவி இணைப்ப நிறுத்திருவாங்களாம். 'அத்த, சித்த நேரம் கட்டிக்குங்க'ன்னு குடுப்பா. நான் கட்டிக்கிட்டு ஒக்காந்து பாப்பேன்."

"சரி, கட்டிருப்ப. அதுக்கு?"

"அதுக்கு என்னடா அதுக்கு? அந்த மோட்டாருக்காரப் பையன் வருவானில்ல. அவன் கொழாயத் தூக்கறப்ப முழங்கையில நரம்பு ரெண்டு எந்திரிக்கும். கழுத்துல வேர்வ எறங்கும். பேச மாட்டான். பேசியிருந்தா நானே எந்திரிச்சு வேற வேலையப் பாத்திருப்பேன். அதப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணும். பண்ணுச்சு. அவ்வளவுதான்."

நவநீதனின் முகம் மெல்ல மாறியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். கண் கலங்கியது.

"பாத்தீங்களா மேடம்," என்றார். "பாத்தீங்களா எங்கம்மாவ. மருமவ ஊட்ட உட்டுப் போறது பொறுக்காம, தன் மானத்தையே எடுத்து வெக்கறாங்க பாருங்க. இந்த மாதிரி மாமியாருக்குத் துரோகம் பண்ண எப்பிடி மனசு வந்துச்சு தாரணி உனக்கு?"

"அட கெரகமே! டேய், நான் நெசத்தச் சொல்றேன்."

"போதும்மா. அப்பா செத்து பத்தொம்பது வருசம். நீ எப்பிடி இருந்தேன்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு என்ன தெரியும்? உங்கப்பன்தான செத்தான். நான் சாகலயே."

"அம்மா!"

"ஏனம்மிணி," என்று என் பக்கம் திரும்பினார் கலாமணி. "அத எனக்குக் கட்டு. மெஷின் சொன்னா நம்புவானில்ல."

கட்டினேன். அந்த மணிக்கட்டு சின்னது, கடைசித் துளை வரை இழுக்க வேண்டியிருந்தது. கதாநாயகன் மழையில் ஓடினான், கலாமணிக்கு அருவருப்பு எட்டு. கார்மேகம் வந்தான். குழாயைப் பிடித்தான். சிவப்புக் கோடு எழுந்து எண்பத்தாறில் நின்றது. கலாமணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. நான் திரையை நவநீதனின் பக்கம் திருப்பிக் காட்டினேன். மூன்று மாதத்து அறிக்கையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே கோடு, ஒரே வளைவு. குழந்தைக்குக்கூடப் புரியும்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"மெஷின் ரிப்பேருங்க," என்றார்.

"இது புது மெஷின். காலைல சோதிச்சு எடுத்துட்டு வந்தேன்."

"ரிப்பேருங்க மேடம். அறுவத்தியொரு வயசு. பெருமா கோயிலுக்குச் சனிக்கெழம தவறாமப் போறவங்க. இவங்களுக்கே இப்பிடிக் காட்டுதுன்னா இது எதத்தான் காட்டாது? இத நம்பிப் பதினோரு நாளா..." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "தப்புப் பண்ணிட்டனே."

வெளியே போய் வண்டியருகே நின்று மேலாளர் திலகனுக்குப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன்.

"மாமியாரா?" என்றார். "ம்."

"சார், இது ஒரு வீடு இல்லைனு நினைக்கிறேன். எட்டு மணிக்கு எல்லா வீட்டுலயும் மருமகள் அடுப்படியிலதான் நிப்பா. நாலாயிரம் பட்டையும் அந்த நேரத்துல யார் கையில இருக்கு?"

"தெரியும் ரெஜினா."

"என்ன தெரியும்?"

"மூணு வருஷமாத் தெரியும். எட்டு மணிக்கு நாடி மாறுது. அது முப்பது வயசு நாடி இல்ல. நம்ம பசங்க முதல் மாசமே கண்டுபிடிச்சுட்டாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்ல? முப்பது வயசுப் பொண்ணு ஆசைப்படுறான்னுதான் சோப்புக்காரன் விளம்பரம் குடுக்கிறான். அறுபது வயசுக்காரி ஆசைப்படுறான்னு போய்ச் சொன்னா அவன் எந்திரிச்சுப் போயிடுவான். தொடர் நின்னுடும். அந்தக் கிழவிகளுக்கும் ஒண்ணும் கிடைக்காது. இப்பவாவது அந்த மோட்டார் பையன் கிடைக்கிறான்ல? விடு. கருவிக் கோளாறுன்னு எழுது."

"உண்மை எழுதினா?"

"எழுதிப் பாரு. கட்டியவர் வயசுங்கிற இடத்துல நாற்பத்தஞ்சுக்கு மேல எடுக்காது."

எழுதிப் பார்த்தேன். எடுக்கவில்லை. கருவிக் கோளாறு என்று எழுதினேன். எங்கள் நிறுவனத்தில் யாரும் பட்டை கட்டிக்கொள்வதில்லை, இதையும் சொல்லிவைக்கிறேன்.

உள்ளே வந்தபோது நவநீதன் வேறு ஆளாக இருந்தார். "முடிஞ்சு போச்சுங்க மேடம், புகார வாபஸ் வாங்கிக்கறேன். தாரணி, மனசுல வெச்சுக்காத. நானும் மறந்துட்டேன், நீயும் மறந்துரு. எல்லாம் எங்கம்மாவுக்கோசரம்." அம்மாவின் காலைத் தொடப் போனார். கலாமணி காலை இழுத்துக்கொண்டார்.

"போன அவகிட்டக் குடு," என்றார்.

கொடுத்தார்.

"அம்மிணி, இந்தப் பட்டைக் கணக்கெல்லாம் இனிமே இவ போனுக்கு வர்ற மாதிரி மாத்த முடியுமா?"

"முடியும்மா. பழைய நம்பருக்கு ஓடிபி வரும். அதைச் சொல்லணும்."

"டேய் நவநீதா, வந்தா சொல்லு."

"எதுக்கும்மா அதெல்லாம்? ரிப்பேர் மெஷினுக்கு..."

"சொல்லுடா."

அவர் அப்போது அம்மாவுக்கு எதையும் மறுக்கும் நிலையில் இல்லை. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு பைக் சாவியை எடுத்தார். "மேடம், காபி மட்டும் குடிச்சுட்டுப் போனா நல்லாருக்காது. பேக்கரில சூடா பப்ஸ் போடுவான். பத்து நிமிசம்." போனார்.

பைக் சத்தம் தெரு முனையைத் தாண்டியது. நான் பெட்டியை அடுக்கினேன்.

"பதினோரு நாள் அத்த," என்றாள் தாரணி. நான் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சாதாரணமான குரல். "பதினோரு நாளு அந்த வாசப்படில நின்னுட்டே இருந்தீங்க."

"ஆமா."

"மொத நாளே சொல்லியிருக்கலாம்."

"மொத நாளு வெக்கமா இருந்துச்சு. ரெண்டா நாளு, மொத நாளே ஏன் சொல்லலன்னு கேப்பானேன்னு பயமா இருந்துச்சு. அப்பறம் நாளு ஏற ஏற வாயே வல்ல." கலாமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லியிருக்கலாமே அம்மிணி. உனக்குத்தான் தெரியுமே."

"நான் சொன்னா? புருசன் சந்தேகப்பட்டான்னு மாமியா மேல திருப்பி உட்டுட்டாங்கற பேரும் சேந்திருக்கும். நீங்க சொல்லியே என்னாச்சு?"

கலாமணி வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தியாகி என்று பேர் கிடைத்திருக்கிறது.

தாரணியின் போன் மணியடித்தது. மாற்றிய எண்ணுக்குச் சோதனை அறிக்கை வந்திருந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பவளைப் போல மெதுவாகப் படித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டி, கடைசி வரியை நகத்தால் காட்டினாள். 'நேரில் நின்ற நபர், நாற்பது நொடி. பயானகம்: 12. சிருங்காரம்: 0.'

"இது அவுருங்களா?"

"ஆமாங்க."

"இந்தப் பன்னெண்டு?"

"பயம்."

"பூச்சியம்னா சுத்தமாப் பூச்சியமுங்களா? இல்ல, கொஞ்சநஞ்சம் இருந்தா மெஷின் எடுக்காதுங்களா?"

"கொஞ்சநஞ்சமும் எடுக்கும்."

"பதினாலு வருசம்," என்றாள். "எனக்குத்தான் அந்த மாதிரி ஒண்ணு ஒடம்புலயே இல்லயோன்னு நெனச்சிட்டிருந்தனுங்க." போனை அணைத்தாள். "ஏனுங்க, அந்தக் குன்னூரு ரூமுக்கு மட்டும் எதோ ஏறுச்சே, அது என்னுங்க?"

"சாந்தம். தொண்ணூத்தொண்ணு."

"அதாவது இருக்குதே."

அவள் எழுந்து வாசலுக்குப் போய் அந்தப் பையைத் தோளில் மாட்டினாள். நவநீதன் அடுக்கியதாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் புடைத்திருந்தது. உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையொன்றையும், சின்னச் செருப்பு ஒரு ஜோடியையும் எடுத்து வந்தாள்.

"உங்க வண்டில எடமிருக்குதுங்களா மேடம்? காங்கேயம் வரைக்கும் வேண்டாம். ட்யூஷன்ல நிறுத்துனீங்கன்னா பாப்பாவக் கூட்டிக்குவேன். அப்பறம் பஸ்ஸு இருக்குது."

பட்டை கட்டுபவர்களை நிறுவன வண்டியில் ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

கலாமணி வாசல் வரை வந்தார். தடுக்கவில்லை. மருமகளின் தோளில் பை நழுவியதைச் சரியாக ஏற்றிவிட்டார்.

"வேலைக்கு?"

"நாளைக்கு அங்கிருந்தே வந்துருவனுங்க. கம்பெனி பஸ்ஸு காங்கேயத்துக்கும் வருது."

"பப்ஸ் வாங்கிட்டு வந்து எங்கேன்னு கேப்பானே அம்மிணி. நான் என்ன சொல்லட்டும்?"

தாரணி வண்டிக்குள் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொல்லுங்க அத்த. எப்பிடியும் நம்ப மாட்டாரு."